கைநாட்டுக்குக் காவல் யார்?

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



வெள்ளி விழா மேடையில் ஏறுவோர் வளர்ச்சிக் கணக்கைப் படிப்பது மரபு. பட்டம் பெற்றோர், ஆசிரியர் ஆனோர், அரசுப் பணியில் அமர்ந்தோர், கடல் கடந்து சென்றோர் ஆகியோரின் பெயர்கள் இம்மலரின் வேறு பக்கங்களில் நிரல்பட இடம்பெற்றுள்ளன. அவை நாம் பெருமை கொள்ளத்தக்க பெயர்கள். ஆயினும் எங்களுக்கு ஒதுக்கப்பட்ட இச்சிறு பொழுதில், அந்தப் பட்டியலில் ஏறாதவர்களைப் பற்றிப் பேச விரும்புகிறோம். பக்கவாதத்தால் பேச்சிழந்த முதியோர், மறதி நோயால் பெற்ற பிள்ளையின் பெயரையும் மறந்த தாய்மார், வயது வந்தும் அறிவு வளர்ச்சி முதிராத மக்கள், மனநோயால் தம்மைத் தாம் காத்துக்கொள்ள இயலாதோர் ஆகிய இவர்களே எங்கள் உரையின் பொருள்.

நம் சங்கம் இரவுப் பள்ளியாகத் தொடங்கியது என்பதை அனைவரும் அறிவீர்கள். அப்பள்ளியின் முதற்பாடம் அகரம் அன்று. தம் பெயரைத் தாமே எழுதுவதுதான் முதற்பாடம். மையில் தோய்ந்த கட்டைவிரலைத் தாளில் அழுத்தித் தந்த முன்னோர் எத்தனை காணி நிலத்தை இழந்தனர் என்பதை நாம் அறிவோம். ஆதலின் கையெழுத்து என்பது நமக்கு வெறும் எழுத்தன்று. அது ஒரு காவல். ஆனால், கையெழுத்திடக் கற்ற கையே செயலிழந்து போகுமானால், அதன்பின் காவல் யார்? இந்தக் கேள்வியை நாங்கள் ஏட்டிலிருந்து பெறவில்லை. நம் ஊர்களில் ஒன்றிலிருந்தே பெற்றோம்.

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தைச் சார்ந்த சிற்றூர் அது. அங்கே வாழ்ந்த அம்மையார் ஒருவர் நம் இரவுப் பள்ளியில் தம் பெயரெழுதக் கற்றவர். நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று கார் பருவத்திலும் பிசானப் பருவத்திலும் உழைத்துத் தம் ஒரே மகனைப் படிக்க வைத்தார். அம்மகனுக்கு நம் சங்கமும் உதவித்தொகை வழங்கியது. அவர் நல்ல பணியில் அமர்ந்து வெளியூரில் குடியேறினார். சில ஆண்டுகட்கு முன் அம்மையாரைப் பக்கவாதம் தாக்கியது. வலப்புறம் செயலற்றது, பேச்சும் போயிற்று. அடுத்த சில திங்களில், கணவர் வழியாக அவருக்கு வந்திருந்த சிறு நிலம் கைமாறியது. அந்தக் கிரயப் பத்திரத்தில் இருந்தது அவர் கற்ற கையெழுத்தன்று. இடக்கைப் பெருவிரலின் நாட்டு.

நாங்கள் சினத்தோடுதான் அம்மகனிடம் சென்றோம். அவர் எங்களைக் கேட்டது இதுதான்: "மருத்துவச் செலவு என் சம்பளத்தை விழுங்கிவிட்டது. அம்மையின் நிலத்தை விற்று அம்மைக்கே செலவிட்டேன். தவறென்றால், நான் யாரிடம் சென்று அனுமதி கேட்டிருக்க வேண்டும்? அதை எனக்கு எவராவது சொன்னீர்களா?" எங்களிடம் விடை இல்லை. விற்ற பணத்தில் எவ்வளவு மருத்துவத்திற்குச் சென்றது, எவ்வளவு வேறு வழியில் சென்றது என்று கேட்கும் அதிகாரமும் எங்களிடம் இல்லை. நாங்கள் விடைபெறும்போது, படுக்கையில் கிடந்த அம்மையார் தம் இடக்கைப் பெருவிரலைப் போர்வையில் மீண்டும் மீண்டும் தேய்த்துக்கொண்டிருந்தார். மை போய்ப் பலநாள் ஆகியிருந்தது.

நிலத்தைப் பறிப்பவன் வேற்றானாக இருந்தால் அவனை எதிர்க்க நமக்குப் பழக்கம் உண்டு. பறித்தவர் நாம் படிக்கவைத்த பிள்ளையாக, அதுவும் முழுத் தீயவர் என்று சொல்லிவிட முடியாத பிள்ளையாக இருக்கும்போது என்ன செய்வது? அந்த மகனின் கேள்விக்கு விடை தேடியதன் விளைவே இவ்வுரை.

முதலில் ஒன்றைத் தெளிவாக அறிதல் வேண்டும். குழந்தைக்குப் பெற்றோர் காப்பாளர் ஆவர். ஆனால் அந்தக் காப்பு 18 வயதோடு முடிகிறது. அறிவு வளர்ச்சி குன்றிய மகனுக்கு 30 வயதானாலும் "நான் அவன் தாய்" என்ற உரிமையே போதும் என்று நம் தாய்மார் எண்ணுகின்றனர். சட்டம் அவ்வாறு எண்ணுவதில்லை. அவ்வாறே மனைவிக்குக் கணவனும், தாய்க்கு மகனும் தாமாகவே சட்டப்படியான காப்பாளர் ஆகிவிடுவதில்லை. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, சித்த சுவாதீனம் இல்லாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமும், பத்திரம் எழுதிக்கொடுப்பவர் சித்த சுவாதீனம் அற்றவராகத் தோன்றினால் பதிவை மறுக்கும் கடமையைச் சார்பதிவாளருக்கு விதித்துள்ளது.

பேச்சிழந்தவர் எல்லாரும் சித்தம் இழந்தவர் அல்லர் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். பக்கவாதம் நாவைக் கட்டிப்போடலாம். உள்ளே அறிவு விழித்திருக்கலாம். தலையசைப்பாலும் கண்ணசைவாலும் சம்மதத்தையோ மறுப்பையோ தெரிவிக்கக்கூடியவரிடம் பொறுமையோடு கேட்டறிவதே முதற்கடமை. அந்த அம்மையாரிடம் அவ்வாறு எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

"அதிகாரப் பத்திரம் எழுதி வாங்கிவிட்டால் போதுமே" என்பர் சிலர். அதுவும் முழுமையான வழியன்று. எழுதிக்கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்த அன்றே அந்த அதிகாரமும் முடிந்துபோகிறது. எந்த நாளுக்காக எழுதி வைத்தோமோ, அந்த நாள் வரும்போது அப்பத்திரம் துணை நிற்பதில்லை.

அப்படியானால் சட்டம் வேறு என்ன வழி வைத்திருக்கிறது? திக்கற்றவர்க்குத் தெய்வமே துணை என்பது பழமொழி. திக்கற்றவர்க்கு அரசே பெற்றோர் நிலையில் நிற்க வேண்டும் என்பது சட்டநெறி. இந்நெறியின்படி 1912ஆம் ஆண்டின் சட்டமும், அதன்பின் 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டமும், மனநோயாளரின் உடலுக்கும் உடைமைக்கும் காப்பாளரையும் மேலாளரையும் நியமிக்க நீதிமன்றங்களுக்கு வழி செய்திருந்தன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் பழைய சட்டத்தை நீக்கிப் பல நல்ல உரிமைகளைத் தந்தது. தமக்கு நோய் முற்றும் காலத்தில் எவ்வகை மருத்துவம் வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். தம் சார்பில் முடிவெடுக்க உதவும் பிரதிநிதியைத் தாமே நியமித்துக்கொள்ளலாம். அத்தகைய பிரதிநிதியோ, உறவினரோ, பராமரிப்பவரோ, தகுதியான வேறொருவரோ கிடைக்காதபோது, சமூக நலத்துறை இயக்குநரையோ அவர் குறிக்கும் அலுவலரையோ பிரதிநிதியாக்க மறுஆய்வு வாரியத்திற்கு அதிகாரம் உண்டு. ஆனால் இவையெல்லாம் மருத்துவத்தைப் பற்றியவை. உடைமையை மேலாளும் பழைய ஏற்பாட்டை அச்சட்டம் தொடரவில்லை.

அறிவு வளர்ச்சிக் குறைபாடு, மூளை முடக்குவாதம், புற உலகச் சிந்தனையற்ற நிலை எனப்படும் ஆட்டிசம், பல்வகை ஊனம் ஆகிய நான்கிற்கும் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழி காட்டுகிறது. மாவட்டந்தோறும் ஒரு குழு உண்டு. அதில் மாவட்ட ஆட்சியர், பதிவுபெற்ற அமைப்பு ஒன்றின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் இடம்பெறுவர். வயது வந்தவருக்குக் காப்பாளர் வேண்டுமெனப் பெற்றோரோ உறவினரோ இக்குழுவிடம் மனுச் செய்யலாம். நியமனம் பெற்ற காப்பாளர் 6 மாதத்திற்குள் சொத்துப் பட்டியலை ஒப்படைக்க வேண்டும். நிதியாண்டு முடிந்த 3 மாதத்திற்குள் வரவு செலவுக் கணக்கும் தர வேண்டும். துன்புறுத்தினாலோ, புறக்கணித்தாலோ, சொத்தைக் கையாடினாலோ அவரை நீக்கவும் வழி உண்டு. "எனக்குப் பிறகு என் பிள்ளைக்கு யார்?" என்று நம் கூட்டங்கள்தோறும் கண் கலங்கிக் கேட்கும் தாய்மார்க்கு இதுவே முதல் விடை. தாம் உயிரோடு இருக்கும்போதே மனுச் செய்தல் நலம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. தக்க உதவி அளித்த பின்னரும் ஒருவரால் சட்டப்படியான முடிவெடுக்க இயலவில்லையெனில், மாவட்ட நீதிமன்றமோ அரசு குறித்த அதிகாரியோ வரையறுக்கப்பட்ட காப்பாளரை நியமிக்கலாம். அக்காப்பு குறிப்பிட்ட முடிவுக்கும் குறிப்பிட்ட காலத்திற்கும் மட்டுமே உரியது. காப்பாளர் தம் விருப்பப்படி அன்றி, அம்மாற்றுத்திறனாளியின் விருப்பத்தை ஒட்டி, இருவரும் சேர்ந்தெடுக்கும் முடிவாகவே அதை எடுக்க வேண்டும்.

நினைவிழந்து கிடப்போர், முற்றிய மறதி நோயினர் ஆகியோரின் உடைமை குறித்துத்தான் சட்டத்தில் இடைவெளி இருக்கிறது. இங்கே உயர்நீதிமன்றங்களே கைகொடுத்து வருகின்றன. 2019இல் கேரள உயர்நீதிமன்றம் இதற்கென நெறிமுறைகளை வகுத்தது. மருத்துவக் குழு நோயாளியைப் பரிசோதிக்க வேண்டும். வட்டாட்சியர் நிலைக்குக் குறையாத வருவாய் அலுவலர் நேரில் விசாரிக்க வேண்டும். காப்பாளர் 6 மாதத்திற்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். 2024 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, நினைவிழந்த கணவரின் சொத்தை விற்று மருத்துவத்தையும் குடும்பத்தையும் காக்க வேண்டிய நிலையிலிருந்த மனைவியை அவருக்குக் காப்பாளராக நியமித்தது. உரிமையியல் நீதிமன்றத்திற்குச் செல்லுமாறு முன்னர் ஒற்றை நீதிபதி இட்ட ஆணையை அந்த அமர்வு ஏற்கவில்லை. ஆகவே, அம்மகன் எங்களிடம் கேட்ட கேள்விக்கு விடை இருக்கத்தான் செய்தது. ஆனால் அவ்விடை நம் ஊரிலிருந்து எத்தனை காத தூரத்தில் இருந்தது என்பதே வருத்தத்திற்குரியது.

மேலை நாடுகள் சிலவற்றில் இதற்கெனத் தனி அலுவலகங்களே உள்ளன. இங்கிலாந்தில் 2005ஆம் ஆண்டின் சட்டப்படி 2007இல் பொதுக் காப்பாளர் அலுவலகம் அமைந்தது. நீதிமன்றம் நியமித்த காப்பாளர்களை மேற்பார்வையிடுவதும், அவர்கள்மீது வரும் புகார்களை விசாரிப்பதும் அதன் பணி. சுவீடன் நாடோ 1989இல், வயது வந்த ஒருவரைத் "தகுதியற்றவர்" என்று அறிவிக்கும் முறையையே ஒழித்துவிட்டு, உடனிருந்து உதவும் துணைவரை நியமிக்கும் முறையை வளர்த்தது. நம் நாட்டில் இப்பணி ஆட்சியர், நீதிமன்றம், சமூக நலத்துறை எனப் பல வாயில்களில் சிதறிக் கிடக்கிறது. படித்தவனுக்கே எந்த வாயிலைத் தட்டுவது என்று தெரியாதபோது, நம் சேரியின் மூதாட்டிக்கு எப்படித் தெரியும்?

இன்னொரு தடையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகம் என்றவுடன் 1999 சூலை 23 நினைவுக்கு வராதவர் இவ்வவையில் இருக்க மாட்டார். மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளருக்காக அவ்வலுவலகம் நோக்கிச் சென்ற பேரணியில், தாமிரபரணி ஆற்றோரம் 17 உயிர்களை நாம் இழந்தோம். நாம் மேலே சொன்ன காப்பாளர் சட்டமும் அதே 1999ஆம் ஆண்டில்தான் பிறந்தது. "அரசு உனக்குப் பெற்றோர்" என்று சட்டம் சொல்லும்போது, நம் மக்கள் ஒரு கணம் தயங்கினால் அத்தயக்கத்தில் நியாயம் உண்டு. ஆயினும் அந்தப் படிகளில் ஏறாமல் இருந்துவிட்டால் இழப்பு நமக்கே. தனியாக ஏற அஞ்சுவோரோடு சங்கமாகச் சேர்ந்து ஏறுவோம் என்பதே எங்கள் கருத்து.

ஏறாமல் இருந்தால் என்ன நேரும் என்பதற்கு ஏர்வாடியே சான்று. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்பி ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். குடும்பத்தார் கொண்டுவந்து விட்டுச் சென்றவர்கள். வந்து பார்ப்பாரும் கணக்குக் கேட்பாரும் இல்லாதவர்கள். அதன்பின் உச்சநீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்தது. தடை வருவதற்கு முன் 28 பேர் எரிய வேண்டியிருந்தது.

இனி, எங்கள் உள்ளத்தை உறுத்தும் ஓர் ஐயத்தைச் சொல்கிறோம். காப்பு என்ற சொல்லுக்குக் கைவிலங்கு என்ற பொருளும் வழக்கில் உண்டல்லவா? "அவனுக்கு ஒன்றும் தெரியாது, அவனுக்காக நான் முடிவு செய்கிறேன்" என்ற சொல் நமக்குப் புதியதன்று. நம் இனத்தைப் பற்றித் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்ட சொல் அதுதான். அதை மறுக்கத்தான் 1930இல் அண்ணல் அம்பேத்கரும் நம் தமிழகத்து இரட்டைமலை சீனிவாசனாரும் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் நம் குரலாக அமர்ந்தனர். நமக்காகப் பிறர் பேசுவதை ஏற்காத நாம், நம் வீட்டில் வலுவிழந்தோரின் குரலை அமுக்கலாமா? 2009இல் உச்சநீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. அரசு இல்லத்தில் வாழ்ந்த, அறிவு வளர்ச்சி குன்றிய பெண் ஒருவர் வன்கொடுமையால் கருவுற்றிருந்தார். கருவைக் கலைத்துவிடுவதே நலம் என்று அரசுத் தரப்பு எண்ணியது. அப்பெண்ணோ குழந்தையைப் பெறவே விரும்பினார். அவருடைய சம்மதமின்றிக் கருவைக் கலைத்தல் ஆகாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசே காப்பாளராக நின்ற போதும் காக்கப்படுபவரின் சொல்லுக்கே இடமளித்த தீர்ப்பு இது.

நம் ஆற்றிலே கன்னடியன் முதலாகத் திருவைகுண்டம் வரை அணைக்கட்டுகள் நிற்கின்றன. அணைக்கட்டு நீரைத் தடுக்கிறது, ஆனால் தனதாக்கிக்கொள்வதில்லை. நீர்மட்டத்தை உயர்த்தி, உரிய கால்வாய்க்குத் திருப்பிவிடுகிறது. காப்பாளர் என்பவரும் அவ்வாறே நிற்க வேண்டும்.

உடைமை காத்தலில் நமக்கென்று சில கூடுதல் அரண்கள் உண்டு என்பதையும் நினைவூட்டுகிறோம். செங்கற்பட்டு ஆட்சியர் திரெமென்கீர் அளித்த அறிக்கையின் பயனாக 1892இல் தொடங்கி வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்கள், முதல் 10 ஆண்டு எவருக்கும் கைமாறக் கூடாது. அதன்பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கன்றிப் பிறருக்குக் கைமாறக் கூடாது என்ற நிபந்தனை உடையவை. நம்மவர் நிலத்தைப் பிற சாதியார் முறைகேடாகக் கைப்பற்றுவதும், ஆவணங்களைப் புனைந்து அதைச் செய்வதும் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு முதியவர் எழுதிக்கொடுத்த சொத்தை, அந்நிபந்தனை மீறப்பட்டால் தீர்ப்பாயம் ரத்து செய்யலாம். அந்நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதி வைப்பது அறிவுடைமை. இவற்றுக்கெல்லாம் வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று எவரும் மலைக்க வேண்டா. தாழ்த்தப்பட்ட வகுப்பினர் எவராயினும், வருமானம் பாராமல், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி பெறும் உரிமை 1987ஆம் ஆண்டின் சட்டத்திலேயே உள்ளது.

இறுதியாக, இவ்வெள்ளி விழா ஆண்டில் சங்கம் ஏற்க வேண்டிய பணிகளென நான்கினை முன்வைக்கிறோம்.

ஒன்று, ஊர்தோறும் இருவர் வீதம் துணைநிற்போரைத் தேர்ந்து பயிற்றுதல். அவர்களுள் ஒருவராவது பெண்ணாக இருத்தல் வேண்டும். தனித்து வாழும் முதியோரையும் வலுவிழந்தோரையும் திங்கள்தோறும் நேரில் காண்பது அவர்கள் பணி.

இரண்டு, 18 வயதை நெருங்கும் அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் பெற்றோரை அழைத்துச் சென்று, மாவட்டக் குழுவிடம் மனுச் செய்ய உடனிருத்தல்.

மூன்று, நலமாக இருக்கும்போதே ஒவ்வொரு மூத்தவரும் தம் விருப்பத்தை எழுதி வைக்கத் துணைபுரிதல். எவரோடு வாழ விரும்புகிறேன், எவ்வகை மருத்துவம் வேண்டும், என் நிலத்தை என்ன செய்ய வேண்டும் என்பதை அவர் வாய்மொழியாலேயே எழுதுதல் வேண்டும்.

நான்கு, இது எங்கள்மீதே நாங்கள் இட்டுக்கொள்ளும் கட்டு. சங்கப் பொறுப்பாளரோ, துணைநிற்போரோ, அவர்தம் நெருங்கிய உறவினரோ, தாம் துணை நிற்பவரின் நிலத்தை வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ கூடாது. எவர் பணமேனும் நம் கை வழியாகச் சென்றால், அதன் கணக்கு ஆண்டுதோறும் பொதுக்குழுவில் படிக்கப்பட வேண்டும். பிறரிடம் கணக்குக் கேட்கும் தகுதி, தன் கணக்கைக் காட்டுபவனுக்கே உண்டு.

அந்த அம்மையார் இன்னும் வாழ்கிறார். சென்ற மாதம் நாங்கள் மீண்டும் சென்றிருந்தோம். இம்முறை அவரிடமே பேசினோம். ஊருக்கு வர விருப்பமா என்று கேட்டபோது, மெல்லத் தலையசைத்தார். ஆம் என்றா, இல்லை என்றா என்று விளங்காமல் மகன் எங்களைப் பார்த்தார். மீண்டும் கேட்டோம், காத்திருந்தோம். மூன்றாம் முறை, ஐயத்திற்கு இடமின்றி ஆம் என்றார். மகன் தலைகுனிந்து, "இவ்வளவு நாள் நான் கேட்கவே இல்லை" என்றார். அவரை ஊருக்கு அழைத்துவந்து பேணும் ஏற்பாடு மகனும் சங்கமும் சேர்ந்து செய்து வருகிறோம். போன நிலம் திரும்புமா என்பதைச் சட்ட உதவி வழக்கறிஞர் ஆராய்ந்து வருகிறார்.

இருபத்தைந்து ஆண்டுகட்கு முன் நாம் கையெழுத்திடக் கற்றுக்கொடுத்தோம். இனி, கையெழுத்திட இயலாதவரிடம் கேட்டறியவும் அவர்தம் விடைக்காகக் காத்திருக்கவும் நாம் கற்றுக்கொள்வோம்.